அந்த நாற்காலியில் முதலில் இருந்தவன்

நோர்வூட்,
19.06.2004

அன்பு மகள் சுதர்ஷினிக்கு,

இங்கே மழையைத் தவிர மற்றதெல்லாம் சுகம். நானும் அம்மாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரன் சாருஜனும் நோய் நொடி இல்லாமல் இருக்க மாரியம்மாளை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். பத்து நாளாக வானம் வெளுக்கவே இல்லை, நோட்டன் பிரிட்ஜ் பாதையில் மண் சரிந்து பஸ்ஸும் ஓடவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலிதான், நீ அனுப்பிய தைலத்தைத் தடவிக்கொண்டே அதைக் குறையும் சொல்கிறாள், ஆகையால் பயப்படும்படி ஒன்றுமில்லை. மாப்பிள்ளையின் கூட்டாளி ஹட்டனுக்கு வந்து டிவிடி பிளேயரையும் தட்டுகளையும் பத்திரமாகக் கொடுத்துவிட்டுப் போனார். கூட வந்த கடிதத்தில் நீ, “நாம் முன்பு பார்த்த கப்பல் படம், கடையில் கண்டதும் வாங்கிவிட்டேன், தொடர் சரிவருமா என்று பார்க்க முதலில் பரீட்சைக்காக எடுத்த இரண்டு படங்களும் இதில் இருக்கின்றன, அவற்றை நாம் பார்த்ததே இல்லை” என்று எழுதியிருந்தாய். அந்த இரண்டு படங்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதைப் பேரனைத் தூங்க வைத்துவிட்டு ஆறுதலாக உட்கார்ந்து படி.

தொண்ணூறு, தொண்ணூற்றொன்றில் சனிக்கிழமை பின்னேரங்களில் அந்தத் தொடரைப் பார்க்க நாம் எப்படி உட்கார்ந்திருப்போம் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். டிவிக்கு மோட்டார் பேட்டரி, அதை சார்ஜ் பண்ண டவுன் வரை சுமந்து போக வேண்டும். நட்சத்திரங்களுக்கு நடுவே வழி தவறிய கப்பல், அதை ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு உலகத்தில் இறங்கி ஊருக்குப் போகும் வழி கேட்பார்கள். பேசுவது இங்கிலீஷ், கீழே ஓடுவது சிங்கள எழுத்து, அம்மாவுக்கு இரண்டும் தெரியாது. அந்த எழுத்தைப் படித்து நமக்குத் தமிழில் கதை சொல்ல வீட்டில் ஒரு ஆள் இருந்தது. நீ உன் கடிதத்தில் அந்த ஆளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, எட்டு வருசமாக நானும் எழுதவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன். உன் அண்ணன் கணேசமூர்த்தி.

போன ஞாயிறு நாலு மணிக்கு அம்மாவும் நானும் முதல் பரீட்சைப் படத்தைப் போட்டோம். ஏழைக் கல்யாணம் போல எடுத்திருக்கிறார்கள். சுவர் ஆடுகிறது, தானாகத் திறக்கிற கதவைப் பின்னால் நின்று இழுக்கிறவரின் விரல் தெரிகிறது. உன் அண்ணன் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். கப்பலின் முன்பக்கத்தில் வழி பார்க்கிறவரின் நாற்காலி இருக்குமல்லவா, அதில் நமக்குத் தெரிந்த அந்தப் பெண் இல்லை, நீ கூட அவளைப் போலத் தலை கட்டுவேன் என்று அம்மாவிடம் அடம் பிடிப்பாயே, அவள் இல்லை. ஒரு மெலிந்த பையன் உட்கார்ந்திருந்தான். பக்கவாட்டில் வகிடு, எல்லாவற்றுக்கும் ஒரு சிரிப்பு. கப்பலைப் புயலிலிருந்து மீட்டதும் அவன்தான். உடனே இரண்டாவது படத்தைப் போட்டோம். கப்பல் அதே கப்பல், தலைவர் அதே ஆள், அந்த நாற்காலியில் மட்டும் அந்தப் பெண். பெயர் சொல்லிக்கூட யாரும் அறிமுகம் செய்யவில்லை, பிறந்ததிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருப்பவள் மாதிரி வேலையைப் பார்க்கிறாள். படம் முடிந்ததும் அம்மா, என்னங்க, அந்தப் பையன் எங்கங்க போனான், கப்பல்ல இருக்க ஒருத்தராச்சும் கேக்கலியே என்றாள். படம் எடுக்கிறவர்கள் ஆளை மாற்றியிருப்பார்கள் என்று சொல்லிவிட்டு நான் எழுந்து வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு அம்மா முதல் படத்தை மட்டும் போடுகிறாள். இரண்டாவதைத் தொடுவதே இல்லை. புதன்கிழமை குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருக்கும்போது அம்மாவின் குரல் கேட்டது, வெறும் வீட்டில் யாருக்கோ தமிழில் கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்தா பாருங்க, இப்ப கப்பல் திரும்பப் போவுது, பயப்படாதீங்க, வழி தெரிஞ்ச ஆளு உள்ள இருக்கு. அது உன் அண்ணன் சொல்லும் விதம், அவன் இழுக்கும் இழுப்பு. தண்ணீர் கொதித்து வற்றும் வரை அப்படியே நின்றேன். அன்றைக்குத்தான், இனி மறைத்து வைக்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

தொண்ணூற்றாறு மாசியில் கொழும்பில் அவன் வேலை செய்த கடையிலிருந்து சோதனைக்கு வந்தவர்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அதோடு அவனைக் காணவில்லை, அது உனக்குத் தெரியும். அந்த வருசம் ஆனியில் வழக்கம்போல வோட்டுப் படிவம் வந்தது. அப்போது வோட்டு லிஸ்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயம் லயமாகச் சோதனை போட்ட காலம். பெயர் இருந்து ஆள் வீட்டில் இல்லாவிட்டால் எங்கே, வடக்கே போய் இயக்கத்தில் சேர்ந்துவிட்டானா என்று கேட்பார்கள், அடுத்து உன்னைக் கேட்பார்கள் என்று எனக்குப் பயம். அவன் பெயரை நான் எழுதவில்லை. உனக்கு அந்த வருசம்தான் பதினெட்டு முடிந்து பெயர் பதிகிற வயது, அவன் பெயர் இருந்த மூன்றாவது வரியில் உன்னை எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு வருசம் கழித்துக் காணாமல் போனவர்களை விசாரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கொழும்புக்குப் போனேன். மேசையில் இருந்தவர் லிஸ்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நீங்களே பெயரை எடுத்திருக்கிறீர்கள், அப்படியென்றால் அவர் வீட்டை விட்டுப் போனது உங்களுக்குத் தெரியும் என்றார். தானாகப் போனவர் என்று எழுதி ஃபைலை மூடினார். வீட்டுக்கு வந்து, விபரம் ஒன்றும் கிடைக்கவில்லை என்று உங்கள் இருவரிடமும் சொன்னேன். தோட்டத்து ஆட்கள் காலையில் வரிசையில் நிற்கும் பெரட்டுக்களத்தில் முப்பது வருசம் பெயர் கூப்பிட்ட கணக்கப்பிள்ளை நான். குரல் வராவிட்டால் செக்ரோல் பதிவில் ஆள் வரவில்லை என்று கோடு போடுவதற்கு முன் இரண்டாம் தடவை கூப்பிடுவேன், பக்கத்தில் நிற்கிறவர்களிடம் எங்கே என்று கேட்பேன். ஊரார் பிள்ளைகளுக்கு அத்தனை செய்த நான், பெற்ற பிள்ளைக்கு ஒரே மூச்சில் கோடு போட்டுவிட்டேன்.

புதன்கிழமையே இதை அம்மாவிடம் சொன்னேன். அழுவாள், ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, எனக்குத் தெரியும்ங்க என்றாள். அடுத்த எலெக்சனுக்கு அட்டை வந்தப்ப மூணுதான் வந்துச்சு, எப்பவும் வர்ற மூணுதான். அவன் எடத்துல இவ பேரு இருந்துச்சு. நீங்க எதுக்குச் செஞ்சிருப்பீங்கன்னும் தெரியும், அதான் கேக்கல என்றாள். ஏழு வருசம், மகளே. பக்கத்தில் படுத்திருக்கிறவள், கேட்காமலே இருந்திருக்கிறாள். நான் சொல்லாததை விட அவள் கேட்காததுதான் இப்போது என்னைப் போட்டு அரிக்கிறது. உன் பெயரை அங்கே எழுதியது என் கை, அதில் உன் குற்றம் எள்ளளவும் இல்லை. அதை நினைத்து நீ அழக் கூடாது.

இந்த வருச வோட்டுப் படிவமும் மேசையில்தான் கிடந்தது. நேற்றுக் காலை கிராம சேவகர் குடையோடு வந்தார். என் பெயர், அம்மா பெயர், மூன்றாவதாகக் கணேசமூர்த்தி என்று எழுதி வைத்திருந்தேன். அவர் பார்த்துவிட்டு, இந்த ஆள் இங்கே இருக்கிறாரா என்று சிங்களத்தில் கேட்டார். கொழும்புக்கு வேலைக்குப் போனவன், இன்னும் வரவில்லை மாத்தையா என்றேன். வீட்டில் இல்லாதவரை எழுத முடியாதே, வெட்ட வேண்டும் என்றார். வெட்டுவதென்றால் நீங்கள் வெட்டுங்கள், நான் இரண்டாம் தடவை வெட்ட மாட்டேன் என்று சொல்லிப் பேனாவை அவர் பக்கம் தள்ளினேன். அதற்குள் அம்மா தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள். அவர் குடித்தார், பேனாவைத் தொடவில்லை, படிவத்தை மடித்து நனையாமல் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அலுவலகத்தில் வெட்டுவார்களாக இருக்கும். என் வீட்டு மேசையில் அது வெட்டுப்படவில்லை.

மாப்பிள்ளையை வேலைக்குப் போகும்போது குளிருக்குக் காதை மூடிக்கொள்ளச் சொல், பேரனுக்குத் தமிழில் கதை சொல்லு. உன் அண்ணன் கதை சொல்லும் விதத்தையும் சொல்லு. நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு வாழ நாங்கள் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறோம். மறக்காமல் ஒன்று செய். இனி எழுதும் கடிதத்தில் அப்பா சுகமா, அம்மா சுகமா என்று கேட்டுவிட்டு நிறுத்தாதே. மூன்றாவதாக, அண்ணன் எங்கே என்று கேட்டு எழுது. எனக்குப் பதில் தெரியாது. ஆனாலும் கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா அழகுமுத்து,
அம்மா மீனம்மா,
அண்ணன் கணேசமூர்த்தி.