சிவப்புப் புள்ளடியும் சண்டிலிப்பாய்ச் செத்தவீடும்

மச்சான்,

கேபிளைச் சுருட்டிக்கொண்டிருக்கிறேன். சாம்பிராணி மணக்கிறது. கழுவின கையிலும் மணம், சட்டையிலும் மணம், இந்த வயரிலும் மணம். செத்தவீட்டு மணம் வயரில் ஏறாது என்று நீ அடிச்சுச் சொல்லுவாய். ஏறும், இந்தா மணக்கிறது. எதிர்த்துக் கதைக்க நீ இல்லாததால் நான் வென்றுவிட்டேன். அதில் ஒரு சந்தோசமும் இல்லை.

களைச்சுப் போனேன் மச்சான். உடம்புக் களைப்பு என்றால் படுத்தால் போய்விடும். இது வேறு. நீ இருக்கும்வரை நாங்கள் இரண்டு பேர் செய்த, வெளிநாட்டிலை இருக்கிற சொந்தங்களுக்கு நேரடியாகப் படம் காட்டுகிற வேலையை இப்ப நான் தனியச் செய்கிறேன். கலியாணவீடு, சாமத்தியவீடு என்றால் சமாளிக்கலாம், ஒரு தாலிகட்டுப் படம் அறுந்தால் பிறகு வீடியோக் கொப்பியை அனுப்பலாம். செத்தவீட்டில் அறுந்தால் எதை அனுப்புவது?

இன்றைக்குச் சண்டிலிப்பாயில். தோட்டக்காரக் குடும்பம். தாய் போய்விட்டா. மகன் இங்கேதான், கொள்ளி வைக்க ஆள் இருக்கிறது. ஒரே மகள் சுகந்தி பிரான்சில். இன்னும் விசா சரிவரவில்லை, வெளிக்கிட்டால் திரும்பிப் போக ஏலாது. போன கிழமையே தமையனிடம் சொல்லி வைத்தவளாம், "அம்மாவுக்கு ஏதும் நடந்தால் பெட்டியை மூட முதல் எனக்கு முகத்தைக் காட்டிப் போடுங்கோ" என்று. அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அதுக்காகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

உனக்குத் தெரியும், செத்தவீட்டில் வைபை ஒரு நாளும் உதவாது. வாசற் படலைக்குள் கால் வைத்ததும் ஆளாளுக்குப் பாஸ்வேர்ட் கேட்கும். ஒருத்தர் லண்டனுக்கு, ஒருத்தர் கனடாவுக்கு, ஒருத்தி அழுதுகொண்டே சுவிசுக்கு. போன் சிக்னலும் அதே கதைதான். "வைபை ஊருக்கு, வயர் எங்களுக்கு" என்பாயே, அந்தச் சட்டத்தை நான் இன்னும் மீறவில்லை. றவுட்டர் உள்ளறை மூலையில் இருந்தது. வயரைக் கதவு இடுக்கால் கொண்டுவந்து, சனம் தடக்காமல் பாயின் கீழ் விட்டு, லப்டொப்பில் செருகினேன். திரையின் மூலையில் சின்னச் சிவப்புப் புள்ளடி, லைன் இல்லை என்று காட்டுகிற பெருக்கல் குறி.

முந்தாநாள்வரை வடிவாக வேலை செய்த லப்டொப். நேற்றுப் பின்னேரம் கடையைப் பூட்டேக்கை, அப்டேற் செய்து நிறுத்தட்டோ என்று கேட்டது. கிழமைக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. அடுத்த நாள் வேலை ஒன்றும் இல்லை, செய்து தொலை என்று அமத்தினேன். சாவு வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிப் போட்டா வருகினம்?

முதலில் வயரைக் கழற்றிச் செருகினேன். பிறகு பையில் கிடந்த மற்ற வயர். பிறகு றவுட்டரின் மற்றத் துளை. புள்ளடி போகவில்லை. பிழை வயரிலோ லப்டொப்பிலோ என்று அறிய, அந்த வீட்டு ரீவிப் பெட்டியில் வயரைச் செருகினேன். அதுவும் இன்ரநெற்றில் ஓடுகிற பெட்டி. வயரில் பிழை இல்லை என்று உடனே தெரிந்தது, ஏனென்றால் ரீவி தானாக எழும்பிச் சவர்க்கார விளம்பரத்தைப் பாடத் தொடங்கியது. பிரேதம் நடு விறாந்தையில். ஒப்பாரி சொன்ன மனுசிமார் அப்படியே நின்றுபோனார்கள். "ஆரடா உவன், செத்தவீட்டிலை ரீவி போடுறவன்?" என்று ஒரு கிழவர் எழும்பினார். நீ நின்றிருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடியிருப்பாய் சிரிக்க. நான் வேர்த்து ஒழுக வயரைப் பிடுங்கினேன்.

சரி, பிழை லப்டொப்பில். உள்ளே போய்ப் பார்த்தால் வயர் செருகுகிற நெற்வேர்க் கார்ட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் அடையாளம். அப்டேற் வந்து, கார்ட்டை இயக்குகிற பழைய ட்ரைவரைத் தூக்கிவிட்டுத் தன்னுடையதைப் போட்டிருக்கிறது, கார்ட்டுக்கு அதோடு ஒத்துவரவில்லை. பழையதுக்குத் திரும்பிப் போகிற பொத்தான் இருக்கிறதே, அது மங்கிப்போய்க் கிடந்தது, அமத்த ஏலாது. இனி இருந்தது ஒரே வழி: கார்ட்டைப் பட்டியலில் இருந்து அடியோடு அழித்துவிட்டு லப்டொப்பை நிறுத்தி எழுப்புவது. எழும்பும்போது அதுவாகத் தேடிச் சரியான ட்ரைவரைப் போட்டுக்கொள்ளும். போட்டுக்கொண்டால்.

போனில் சுகந்தி. "அண்ணை, படம் வரேல்லை." "வரும் பிள்ளை, பொறுங்கோ." "அண்ணை, பறைச் சத்தம் கேக்குது, எடுக்கப் போகினமோ?" நான் அழித்தேன், நிறுத்தினேன். எழும்புகிற லப்டொப் என்ன சொன்னது தெரியுமோ? அப்டேற் இன்னும் முடியவில்லையாம், நிறுத்த வேண்டாமாம். ஒரு வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கொண்டே இருக்குது. அந்த வட்டத்தைக் கண்டுபிடித்தவன் ஒரு நாள் எங்கடை செத்தவீடு ஒன்றில் வந்து இருக்க வேண்டும்.

ஐயர் கிரியையை முடித்துவிட்டார். வாய்க்கரிசி போட்டாயிற்று. சுகந்திக்காக அவளுடைய மச்சாள் போட்டா. பெரியப்பாக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார். "இராகுகாலத்துக்கு முன்னம் படலை தாண்ட வேணும், மூடுங்கோ."

இந்த இடத்தில்தான் நீ வருவாய். பண்டத்தரிப்பில் அந்த ரீச்சரின் செத்தவீட்டில் நீ பெட்டி மூடியில் கையை வைத்துக்கொண்டு நின்றது ஞாபகமோ? "மகன் வேலை முடிஞ்சு இப்பதான் போனை எடுக்கிறான், ஒரு நிமிசம் ஐயா, உங்கடை பிள்ளையெண்டால் பொறுக்க மாட்டியளோ?" என்றாய். நான் வெட்கத்தில் உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கூலிக்கு வந்தவன் சாவீட்டில் கட்டளை போடுகிறான் என்று சனம் முறைத்தது. நீ திரும்பி, "நீ வயரைப் பார், ஆக்களை நான் பாக்கிறன்" என்றாய். அப்படித்தான் இவ்வளவு காலமும் ஓடியது. எனக்கு நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க வராது. என் சொந்தக் கலியாணத்திலேயே எனக்காக நீதானே கதைத்தாய்.

மூடியைத் தூக்கிவிட்டார்கள். வட்டம் சுத்துது. போனில் அவளுடைய மூச்சு கேட்டது.

"பொறுங்கோ!"

சத்தியமாக, என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. பறை நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "மகள் இன்னும் தாயைப் பாக்கேல்லை. மூடாதேங்கோ."

"போனிலை காட்டுமன் தம்பி" என்றார் பெரியப்பாக்காரர்.

"போனிலை முகம் தெரியேல்லை ஐயா, கட்டம் கட்டமாத்தான் தெரியுது. அந்தப் பிள்ளை பிறகு ஆரைப் பாக்கிறது?"

பெரியப்பாக்காரர் என்னைப் பார்த்தார், ஐயரைப் பார்த்தார். ஐயர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "கொஞ்சம் பொறுக்கலாம்" என்றார். மூடியைச் சுவரோடு சாத்தினார்கள். அப்பதான் வட்டம் மறைந்து லப்டொப் எழும்பியது. மூலையில் புள்ளடி இல்லை.

கமராவைக் கையிலேயே எடுத்துக்கொண்டு பெட்டிக்குக் கிட்டப் போனேன். சுகந்தி திரைக்கு வந்தாள். வேலைக்குப் போகிற உடுப்போடு, ஒரு சின்ன அறைக்குள். "அம்மா" என்றாள். பிறகு, "ஆர் பொட்டு வைச்சது? வடிவா வைச்சிருக்கினம்" என்றாள். அவ்வளவுதான். மூடினார்கள், எடுத்தார்கள். பறை ஒழுங்கையால் தெருவுக்குப் போய்ச் சத்தம் குறைந்தது.

பிரேதம் படலை தாண்டினால் நாங்கள் சாமானைக் கட்டுவோம். கட்டப் போனேன். "அண்ணை, நிப்பாட்டாதேங்கோ" என்றாள். "நான் அங்கை நிண்டிருந்தாலும் சுடலைக்கு வந்திருக்க மாட்டன்தானே. படலையோடை நிண்டிட்டு வீட்டுக்குள்ளை வந்திருப்பன். உதிலை அப்பிடியே விடுங்கோ." விட்டேன். பெண்டுகள் வீடு கழுவினார்கள். பாயைச் சுருட்டினார்கள். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுவின தண்ணி வயரில் படாமல் நான் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கேட்டால் சிரிப்பாய், தூண் மாதிரி நின்றேன்.

கடைசியில், "சரி அண்ணை, போயிட்டு வாறன்" என்றாள். சொன்ன கையோடு வாயைப் பொத்தினாள். "ஐயோ, செத்தவீட்டிலை அப்பிடிச் சொல்லக் கூடாதெல்லோ."

"நீங்கள் பிறந்த வீடு பிள்ளை. சொல்லலாம்" என்றேன். சொல்லலாமோ கூடாதோ, எனக்கென்ன தெரியும் மச்சான்? ஐயரிடம் கேட்கவில்லை. அவள் தலையாட்டிவிட்டு நிப்பாட்டினாள்.

உன்னை எடுத்த நாளிலும் நான்தான் லப்டொப்போடு இருந்தேன். வேறு ஆர் இருக்கிறது? உன் அக்கா அவுஸ்திரேலியாவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. லைன் ஒரு தரமும் அறவில்லை. கூட்டத்துக்கு மேலால் கமரா உன் முகத்தைக் காட்டியது, எனக்கும் திரையில்தான் அது கிடைத்தது. எல்லாம் முடிய வயரைச் சுருட்டி, பையைத் தோளில் போட்டு, முறைப்படி ஒருத்தரிடமும் ஒன்றும் சொல்லாமல், திரும்பியும் பாராமல் உன் வீட்டுப் படலையால் வெளிக்கிட்டேன்.

இவ்வளவு காலமும் அதுதான் முறை என்று இருந்தேன். இன்றைக்கு அந்தப் பிள்ளை சொன்னதுக்குப் பிறகு அப்படி இருக்க ஏலவில்லை. எத்தனை வருசம் உன் வீட்டால் வெளிக்கிட்டிருப்பேன், மோட்டச்சைக்கிளை ஸ்ராட் பண்ணிக்கொண்டே சொல்லுவேன், நீ உள்ளேயிருந்து "ஓம் ஓம், போ" என்பாய். கடைசி முறை மட்டும் சொல்லவில்லை. அது இன்னும் என்னிடம்தான் கிடக்கிறது. நாளைக்கு வேலைக்குப் போகிற வழியில் உன் படலையடியில் நிப்பாட்டி, ஆர் பார்த்தாலும் பரவாயில்லை, சத்தமாகச் சொல்லப் போகிறேன்.

போயிட்டு வாறன் மச்சான்.