கோடு கோடாய் ஒரு மாப்பிள்ளை

ஏப்ரல் 14, ஞாயிறு

காலையிலிருந்து மழை. தோய்த்த உடுப்பெல்லாம் ஹீற்றர் மேல். வீடு முழுக்க ஈரக் காலுறை மணம்.

பின்னேரம் வழமைபோல மூன்று பேரும் ஹோலில். அண்ணை, குணத்தார், சிறி அண்ணை. குணத்தார் மினிகாப் டாக்சி ஓட்டுகிறவர், அண்ணையோடு ஊரில் ஒரே வகுப்பு. சிறி அண்ணை பெற்றோல் ஸ்டேசனில் அண்ணைக்கு அடுத்த ஷிப்ட். மூன்று பேருக்கும் அமெரிக்க ஃபுட்போல் விசர். லண்டனுக்கு வந்த முதல் குளிர்காலம், மூவருக்கும் ஒரே அறை, ஞாயிற்றுக்கிழமை ரீவியில் அது போனதாம். இங்கிலீஷ் விளங்காவிட்டாலும் இடிபடுவது விளங்கியதாம். அன்றைக்கு வென்ற பச்சைச் சட்டைக்காரரை இன்னும் விடவில்லை. பச்சைச் சட்டைக்காரர் அதற்குப் பிறகு உருப்படியாய் எதையும் வெல்லவில்லை.

என் வேலை: அண்ணை வாங்குகிற ஃபுட்போல் சஞ்சிகையை வாசித்துத் தமிழில் சொல்வது, முக்கியமானதைக் கொப்பியில் எழுதி வைப்பது. டிகிரி எடுத்தபின் வீட்டில் கிடைத்த பதவி.

அடுத்த ஞாயிறு அமெரிக்காவில் டிராஃப்ட். படிக்கிறபோது கம்பசில் விளையாடி முடித்த பெடியன்களை அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராய் எடுக்கும். எந்த ஊர் அணி எடுக்கிறதோ அந்த ஊருக்குப் போக வேண்டியதுதான். பெடியனிடம் ஒருவரும் கேட்பதில்லை.

இந்த முறை எல்லோர் வாயிலும் ஒரு ரிசீவர். முன்னால் ஓடிப்போய், எறிகிற பந்தை ஏந்துகிறவன். பயங்கர வேகம்.

"உவன் யாழ்தேவி ரெயின் மாதிரியெல்லோ ஓடுறான்" என்றார் அண்ணை.

"யாழ்தேவி இப்ப ஓடுறேல்லை" என்றார் சிறி அண்ணை.

"அதைத்தான் நானும் சொல்லுறன். உவனும் ஆறு மாசத்தில நிண்டிடுவான்." இது குணத்தார்.

சிரித்துவிட்டேன். குசினிக்குள் நின்றபடியால் கேட்டிருக்காது.

அண்ணி சொன்னா, ரொறன்ரோவில் இருந்து பெரியம்மா வீடியோக் கசற் அனுப்பியிருக்கிறாவாம்.

ஏப்ரல் 16, செவ்வாய்

வெயில், ஆனால் குளிர். கசற் வந்தது. பழுப்புக் கடித உறையில், மேலே பெரியம்மாவின் சரிந்த எழுத்து.

எனக்குப் பேசுகிற மாப்பிள்ளையின் தங்கச்சி கலியாண வீடியோ. அவரைப் பார்ப்பதற்காம். முப்பத்தொரு வயது, கிடங்கு ஒன்றில் சூப்பர்வைசர். சாதகம் பொருந்தியாயிற்று. அனுப்பிய என் சாதகத்தின் பிரதியை எழுதியதும் நான்தான், கையெழுத்து வடிவு என்று.

அண்ணை கால் கை கழுவி, சாமிப் படத்தட்டில் விளக்கேற்றி, பிறகுதான் டெக்கில் போட்டார். திரை முழுக்கக் கோடு. கறுப்பும் சாம்பலுமாய் மேலே ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. நாதஸ்வரம் மட்டும் கேட்கிறது, மெதுவாய், யாரோ அதை இழுத்துக்கொண்டு போவதுபோல. இடையிடையே ஒரு தலை, ஒரு மாலை, அரை வாழைமரம்.

எங்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை. கனடா, அமெரிக்காக் கசற் வேறு முறை, இங்கே உள்ள டெக்கில் ஓடாது. போன வருசம் குணத்தாரின் மச்சான் நியூஜேர்சியில் இருந்து பழைய ஆட்டங்கள் பதிந்து அனுப்பினபோதும் இதே கோடுகள்தான். டூட்டிங்கில் உள்ள வீடியோக் கடையில் கொடுத்து, மாற்றி எடுக்க மூன்று கிழமை காத்திருந்தார்கள். ஒவ்வொரு நாளும் போன் பண்ணினார்கள்.

இன்றைக்கு ஒரு இடத்தில் மட்டும் கோடுகளுக்குள் உயரமாய் ஒருவர் நின்றார். "அவர்தான்" என்றார் அண்ணை. எப்படித் தெரிந்ததோ. அந்த ஆள் ஏதோ சொன்னார். கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரிக் குரல். சொல் பிரியவில்லை.

"குரல் நல்ல கம்பீரமாக் கிடக்கு" என்றா அண்ணி.

"டூட்டிங்கில குடுத்து மாத்தலாமே?" கேட்டது நான். என் குரல் எனக்கே புதிதாய் இருந்தது.

"என்னத்துக்கு? பெரியம்மா நேரில பாத்தவா. வாற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு முடிவு சொல்லுறதெண்டு சொல்லிப்போட்டன்."

28ஆம் திகதி. பன்னிரண்டு நாள்.

ஏப்ரல் 17, புதன்

வாங்க வேண்டியது: பருப்பு, தேசிக்காய், அண்ணிக்குத் தலையிடிக் குளிசை, நீலப் பேனை.

எனக்குக் கிடைத்த ஆஸ்பத்திரி ஆய்வுகூட வேலைக் கடிதம் அகராதிக்குள். ஜூன் 3 தொடக்கம். அண்ணைக்குக் காட்டினேன். முழுவதும் வாசித்தார், சந்தோசப்பட்டார். பிறகு, "கனடாவிலயும் ஆஸ்பத்திரி இருக்குத்தானே."

கோபம் வரவேண்டும். வரவில்லை. என்னைக் கம்பஸ் முதல் நாள், தன் ஷிப்ட் முடிந்து நித்திரை கொள்ளாமல் வந்து வாசலில் விட்டவர். நான் உள்ளே போய், திரும்பிப் பார்த்தேன். மதிலோடு நின்று கையைக் காட்டினார், போ போ என்று. இவரை எதிர்த்து என்ன வசனம் சொல்வது? நாலு வருசம் படித்தும் அந்த ஒரு வசனம் வரவில்லை.

மேல் அறை யன்னல் இறுகிவிட்டது. இரண்டு கையாலும் தள்ளியும் அரை அங்குலம்.

ஏப்ரல் 19, வெள்ளி

பொய்: நூலகத்துக்கு என்றேன்.

மெய்: டிஸ்ட்ரிக்ட் லைன், பிறகு நொதேர்ன் லைன், டூட்டிங். பைக்குள் கசற். வீட்டில் அதன் கூட்டுக்குள் பழைய வெற்றுக் கசற் ஒன்று. வழி முழுக்கப் பையை மடியில் இறுக்கி வைத்திருந்தேன். ரெயினில் முன்னால் இருந்த வெள்ளைக்காரக் கிழவி பையைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, தன் கைப்பையையும் இறுக்கிக்கொண்டா.

கடைக்காரர் பெயர், விலாசம் கேட்டார், எழுதினார், நிமிர்ந்தார்.

"ஈஸ்ட் ஹாமோ? ஃபுட்போல் கசற் கொண்டுவந்தவரின்ர தங்கச்சியோ?"

"ஓம்."

"அதே ஃபுட்போல்தானோ?"

"ஓம்" என்றேன். ஒரே நாளில் இரண்டாவது பொய்.

"அடுத்த சனி வாங்கோ. அண்ணையைப் போன முறை மாதிரிப் போன் பண்ண வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

ஏப்ரல் 21, ஞாயிறு

தூறல். டிராஃப்ட் நாள். மதியத்தில் இருந்தே மூன்று பேரும் ரெலிபோனைச் சுற்றி. நான் மிக்சர் வறுத்தேன். ஏழு மணி போல நியூஜேர்சி மச்சானின் அழைப்பு. குணத்தார் எடுத்தார், கேட்டார், நெற்றியில் கையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

"எடுத்திட்டாங்கள். எங்கட ஆக்கள் யாழ்தேவியை எடுத்திட்டாங்கள்."

பிறகு இரண்டு மணித்தியாலம் சண்டை. நினைவில் இருப்பது:

அண்ணை: "நாற்பது கஜம் நாலரைச் செக்கனுக்குள்ள! வேகம் பழக்கேலாது மச்சான். அது பிறவியில வாறது. பந்து பிடிக்கிறதைப் பழக்கலாம்."

குணத்தார்: "கை இல்லாதவனுக்குக் கால் என்னத்துக்கு? எங்கட எறியிறவனுக்கு முன்னால நிண்டு காக்க ஒரு தடியன் இல்லை. அவன் எறிய முதலே விழுத்துறாங்கள். இவன் அங்க தனிய ஓடிக்கொண்டிருப்பான், விசரன் மாதிரி."

சிறி அண்ணை: "தங்கச்சி, கொப்பியில என்ன கிடக்கு? சொல்லு."

வாசித்தேன். கடைசி ஆறு ஆட்டத்தில் கைக்கு வந்து நழுவ விட்டது ஒன்பது.

"ஒன்பதோ!" குணத்தார் எழும்பி நின்றுவிட்டார். "கசற்றைப் போட்டுப் பாத்திருந்தாலே தெரியுமே! ஒருத்தனை எடுக்க முதல் எத்தினை தரம் கசற் பாக்க வேணும்? ஓடுறது, நிக்கிறது, திரும்புறது, எல்லாம் பாக்க வேணும். பாக்காம எடுத்திருக்கிறாங்கள்!"

அண்ணை தலையாட்டினார். "அது சரி. பாக்காம எடுத்தது பிழைதான்."

ரீவிக்கு மேலே ரொறன்ரோக் கசற்றின் கூடு. உள்ளே வெற்றுக் கசற். நான் கூட்டைப் பார்த்தேன். ஒருவரும் பார்க்கவில்லை.

அந்தப் பெடியனின் படம் சஞ்சிகையில் இருக்கிறது. சிரிக்கவில்லை. எங்கே போகப்போகிறான் என்று தெரியாமல் எடுத்த படம்.

ஏப்ரல் 24, புதன்

அண்ணி கூறைச் சேலை நிறம் கேட்டா. எதுவென்றாலும் சரி என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? பழக்கம்.

குளிசை முடிந்துவிட்டது.

ஏப்ரல் 27, சனி

டூட்டிங். மழைக்கோட்டு மறந்து, தெப்பமாய் நனைந்து போனேன். கடைக்காரரின் முகம் வேறு மாதிரி. "இது ஃபுட்போல் இல்லைப் பிள்ளை."  அவர் ஒன்றும் கேட்கவில்லை. பின்னுக்கு இருந்த சின்ன ரீவியைக் காட்டி, கதிரை ஒன்றை இழுத்துப் போட்டுவிட்டு முன்னுக்குப் போய்விட்டார்.

நிறம்! வாழைமரம் பச்சை. கூறை சிவப்பு. நாதஸ்வரம் சரியான வேகத்தில்.

அண்ணை "அவர்தான்" என்று காட்டினாரே, அந்த உயரமான ஆள் ஐயர். எனக்குப் பேசின மாப்பிள்ளை அவருக்குப் பின்னால். நடுத்தர உயரம், நெற்றி கொஞ்சம் ஏறினது, கதிரை தூக்குகிறார். நல்ல முகம்தான். பார்த்துக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் முதலில் ஏமாற்றமாய் இருந்தது, மறைக்காமல் எழுதுகிறேன்.

பிறகு, அன்றைக்குக் கிணற்றுக் குரல் கேட்ட இடம். கமராக்காரன் கிட்டப் போகிறான். "தம்பி, இஞ்சால திரும்பிச் சிரியும். லண்டனுக்கு அனுப்பவெல்லோ கேட்டவை."

அவர் திரும்பினார். சிரிக்கவில்லை. மெல்லிய, கீச்சுக் குரல். கம்பீரம் ஒன்றும் இல்லை.

"ஆரைக் கேட்டு அனுப்புறியள்?"

கை வந்து கமராவை மூடியது. அடுத்ததாய்ப் பந்தி, வடை, பாயசம்.

நான்கு தரம் பார்த்தேன். உலகத்தில் இன்னொருவரும் இதைக் கேட்டிருக்கிறார். நான் இதுவரை வாய்விட்டுக் கேட்டதில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

மழை இல்லை. ஐந்து மணிக்கு ரொறன்ரோ அழைப்பு. அதற்கு முன் ரீவியில் டிராஃப்ட் நிகழ்ச்சி, மூன்று பேரும் இருந்துவிட்டார்கள். தேத்தண்ணி கொடுத்தேன். 

நாலு மணி. நிகழ்ச்சி முடிந்தது. யாழ்தேவி பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றான். குணத்தார் இன்னும் திட்டிக்கொண்டிருந்தார். நான் போய்க் கசற்றைப் போட்டேன்.

"இதென்ன?" என்றார் அண்ணை.

"ரொறன்ரோக் கசற். மாத்தி எடுத்தனான்."

"ஆர் சொன்னது மாத்தச் சொல்லி?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

அண்ணை எழும்பப் பார்த்தார். குணத்தார் கையைப் பிடித்து இருத்தினார். "பொறு மச்சான். பாப்பம்."

கதிரை தூக்குகிறவர். "இவரோ?" என்றா அண்ணி. திரும்பினார், சொன்னார், மூடினார். "இதோ குரல்?" மறுபடியும் அண்ணி.

 பிறகு குணத்தார், நழுவின பந்தைத் திருப்பிப் பார்க்கிற அதே குரலில், "ரீவைண்ட் பண்ணு தங்கச்சி."

பண்ணினேன். மூன்று தரம்.

"பெடியன் வேண்டாமெண்டெல்லோ நிக்கிறான்" என்றார் சிறி அண்ணை.

"வெக்கத்தில சொல்லியிருப்பான்" என்றார் அண்ணை.

"வெக்கப்படுறவன் கமராவைக் கையால மூடான், மச்சான். ஒன்பது பந்து விட்டவனுக்கே நாங்கள் இவ்வளவு கதைக்கிறம்." இது குணத்தார்.

அண்ணை என்னைப் பார்த்தார். அப்போது அந்த வசனம் வந்தது, சின்னதாய். "அண்ணை, என்னையும் கேட்கேல்லை."

ஐந்து மணிக்கு ரெலிபோன் அடித்தது. அண்ணை எடுக்கவில்லை. அடித்து அடித்து நின்றது. அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். "பிறகு பாப்பம்" என்றார், வாசலில் நின்று, யாருக்கென்று இல்லாமல்.

அவருக்குக் கோபமா, இல்லையா, தெரியவில்லை. எனக்குப் பயம்.

பெரியம்மா நாளைக்கும் போன் எடுப்பா. நாளைக்கு அண்ணைக்குக் காலை ஷிப்ட். அண்ணிக்கும் வேலை. ரெலிபோனைத் தூக்க வீட்டில் நான் மட்டும்.