கப்பல் முங்க எம்புட்டு நேரம் ஆகும்?

சின்னத்தா,

இன்று காலை பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில், தோல் கிடங்குத் தெரு முக்கில் சினிமா போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மைதாப் பசையின் புளித்த வாடை மூக்கில் ஏறியது. எப்போதும் போலத் தாண்டிப் போயிருப்பேன். ஆனால் அந்தப் போஸ்டரில் ஒரு போர்க்கப்பலின் மூக்கும், அதற்குப் பின்னால் பனைமர உயரத்துக்கு எழும்பிய தண்ணீரும் இருந்தன. நின்றுவிட்டேன். அதே படம். பத்து வருஷம் கழித்து மறுபடி நம் ஊருக்கு வந்திருக்கிறது. நீங்கள் உயிரோடு இருந்திருந்தால், அது ஓடி முடிகிறவரை வேறு தெரு வழியாகப் போய் வந்திருப்பீர்கள்.

நீங்கள் போய் மூன்று வருஷமாகிறது. இன்னும் ஊரில் உங்களைப் பற்றி நல்ல விதமாகத்தான் பேசுகிறார்கள். என் அத்தாவின் உயிர்ச் சிநேகிதர், கூடப் பிறக்காத தம்பி, அவர் போன பிறகும் அந்தக் குடும்பத்தைக் கைவிடாதவர் என்று. அப்பாவை அத்தா என்று கூப்பிடுகிற வீட்டில், உங்களைச் சின்னத்தா என்று கூப்பிட எனக்குப் பழக்கியது அம்மாதான். வேறு எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாததால் இப்போதும் அப்படியே எழுதுகிறேன்.

நீங்களும் அத்தாவும் ஒரே தோல் மண்டியில் வேலை பார்த்தீர்கள். முதலாளிக்காகச் சேர்ந்தே ரங்கூன் போனீர்கள். யுத்தம் அங்கே வந்ததும், கிடைத்த சரக்குக் கப்பலில் ஏறித் திரும்பினீர்கள். நடுக்கடலில் அந்தக் கப்பலை ஒரு நீர்மூழ்கிக் கப்பல் அடித்தது. திண்டுக்கல் ஸ்டேஷனில் நீங்கள் மட்டும் வந்து இறங்கினீர்கள். எனக்கு அப்போது நாலு வயது. சேதி முன்பே வந்து, அம்மா புருஷனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தாவில் இருந்ததால் திரைக்கு அப்பால் உட்கார்ந்திருந்தாள். என்னை மடியில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்து நீங்கள் சொன்னீர்களாம்: "மதினி, கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள கப்பல் போயிருச்சு. அண்ணன் கீழ் அறையில தூங்கிக்கிட்டு இருந்தாரு. அவருக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. நான் மேல் தட்டுல நின்னதால தண்ணியில விழுந்து பொழச்சேன்."

அந்த வார்த்தையை வைத்துத்தான் அம்மா பதினாறு வருஷம் வாழ்ந்தாள். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே என்னிடம் சொல்லுவாள்: "தூக்கத்துலயே போயிட்டாரு. வலி தெரியல. அதுவே அல்லாஹ் செஞ்ச உபகாரம்." மறு நிமிடமே குரல் மாறும். "அந்த முங்குகப்பல்காரன் மட்டும் என் கையில கெடச்சான்னா." பெயர் தெரியாத, முகம் தெரியாத அந்த ஆளை அம்மா சபிக்காத நாள் இல்லை. நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவீர்கள்.

வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆத் தொழுகை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வருவீர்கள். கையில் சிறுமலைப் பழம் ஒரு சீப்பு இருக்கும். வாத்தியார் பயிற்சிக்கு நான் போக வேண்டும் என்றபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் முறைத்தார்கள். நீங்கள் ஒருவர்தான், "அவ படிக்கட்டும் மதினி. அண்ணன் இருந்தா அனுப்பியிருப்பாரு" என்றீர்கள். அன்றைக்கு உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது எனக்கு. அதையும் சொல்லிவிடுகிறேன். உங்களை நான் நேசித்தேன். இல்லாவிட்டால் இவ்வளவு கோபம் எங்கிருந்து வந்திருக்கும்?

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அந்தப் படம் வந்தது. ஒரு போர்க்கப்பல் நீர்மூழ்கியை விடாமல் துரத்தி நொறுக்குகிற இங்கிலீஷ் படம் என்று கூட வேலை பார்க்கும் டீச்சர் சொன்னார். வீட்டில் வந்து பேச்சுவாக்கில் சொன்னேன். சினிமாக் கொட்டகை வாசலை மிதிக்காத அம்மா மிஷினை நிறுத்தினாள்.

"அது நொறுங்குறத நான் பாக்கணும்."

அந்த வெள்ளிக்கிழமை உங்களிடமும் சொன்னோம். டீ கிளாஸைப் பாதியில் கீழே வைத்தீர்கள். "எதுக்கு மதினி? அது பொம்பளைக பாக்குற படமா?" என்றீர்கள். உங்களுக்குப் பழைய ஞாபகம் வந்து வலிக்கிறது என்று நினைத்து நாங்கள் இரக்கப்பட்டோம்.

சனிக்கிழமை மத்தியானக் காட்சிக்குப் போனோம். பெண்கள் பக்கம் பெஞ்சில் அம்மா வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். போர்க்கப்பலிலிருந்து ஒவ்வொரு வெடி பீப்பாயும் கடலில் விழும்போது, "போடு. இன்னொண்ணு போடு" என்று தஸ்பீஹ் மணி உருட்டி ஓதுவதைப் போல முணுமுணுத்தாள். தண்ணீருக்கு அடியில் அந்தக் குழாய்க்குள் மனுஷர்கள் வேர்த்து ஒழுக, மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்ததைக் காட்டினார்கள். எனக்குப் பாவமாக இருந்தது. அம்மாவுக்கு இல்லை.

கடைசியில் போர்க்கப்பலும் அடிபட்டது. ஆனால் அது உடனே மூழ்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, எரிந்துகொண்டே மிதந்தது. படகுகளை இறக்கினார்கள். காயம்பட்டவனைத் தோளில் போட்டு இறக்கினார்கள். எதிராளிகள் தண்ணீரில் தத்தளித்தபோது அவர்களுக்கும் கயிறு போட்டு இழுத்தார்கள். கொட்டகையில் பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், நான் உட்பட. அம்மா மட்டும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். எதிரியைக் காப்பாற்றிவிட்டார்களே என்ற கோபம் என்று நினைத்தேன்.

வீட்டுக்குப் பாதி வழியில் நின்றாள். "ஏம்மா, கப்பல் முங்க அம்புட்டு நேரம் ஆகுமா?"

"சினிமாதானம்மா" என்றேன்.

"சினிமான்னாலும் கப்பலு கப்பலுதான. நடக்க முடியாதவன்கூட எறங்குறான். தூங்குறவன ஒரு ஆளு எழுப்ப முடியாதா?" என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "உங்க சின்னத்தா எழுப்பலையா?"

அடுத்த வெள்ளிக்கிழமை உங்களிடம் நேராகக் கேட்டாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டது என்று அதே வார்த்தையைச் சொன்னீர்கள். ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. அம்மா, "நாளைக்குக் கடைசி நாளாம். எங்ககூட வந்து அந்தப் படத்தப் பாருங்க தம்பி. பாத்துட்டு இதையே திருப்பிச் சொல்லுங்க, நம்பிக்கிறேன்" என்றாள். வர முடியாது என்றால் அதுவே பதிலாகிவிடும் என்று உங்களுக்குத் தெரியும். வந்தீர்கள்.

ஆண்கள் பக்கத்துக்கும் எங்களுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான். அம்மா அன்றைக்குத் திரையைப் பார்க்கவே இல்லை. உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். படகுகளை இறக்குகிற இடத்தில் நீங்கள் எழுந்து வெளியே போனீர்கள். நாங்கள் பின்னாலேயே வந்தோம். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில், வெள்ளை வேட்டியோடு வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"அரை மணி நேரம் மெதந்துச்சு மதினி" என்றீர்கள்.

அம்மா நின்றபடியே கேட்டாள். "அவரு தூங்குனாரா?"

"இல்ல. நான்தான் தூங்குனேன். அண்ணந்தான் என்னைய எழுப்புனாரு. தூக்கிட்டுப் போயி படகுல ஏத்திவிட்டாரு. இன்னொரு ஆளு கீழ கெடக்கான், கூட்டிட்டு வாரேன்னு திரும்பிப் போனாரு. அதுக்குள்ள படகு வெலகிருச்சு. நீந்தி வந்து ஓரத்தப் புடிச்சாரு. இன்னொரு ஆளு ஏறுனா கவுந்துரும்னு எல்லாரும் கத்துறாங்க. என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு." உங்கள் கையை விரித்துப் பார்த்துக்கொண்டீர்கள். "நான் அவரு விரல எடுத்துவிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. என்னையப் பாத்தாரு."

அம்மா அழவில்லை, திட்டவில்லை. கொட்டகைக்குள் ஜனங்கள் கைதட்டுகிற சத்தம் வெளியே கேட்டது. "இத நீங்க ஜும்ஆ முடிஞ்சு ஜமாஅத்து முன்னால சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். எம் மகளும் சொல்ல மாட்டா. உங்க வாயில இருந்துதான் வரணும்" என்றாள். சரி என்று தலையாட்டினீர்கள்.

நீங்கள் சொல்லவில்லை. அதற்கடுத்த வாரமும் சொல்லவில்லை. பள்ளிவாசல் தெரு முனையில் அம்மா துப்பட்டியோடு நின்றாள். நீங்கள் வெளியே வந்ததும் கேட்டாள், "சொல்லியாச்சா தம்பி?" அவ்வளவுதான். வேறு பேச்சில்லை. ஒவ்வொரு வெள்ளியும் அதே இடம், அதே கேள்வி. பார்த்தவர்கள், இந்த மதினிக்கு எம்புட்டுப் பாசம் என்றார்கள். நீங்கள் வடமதுரைக்குப் பஸ் ஏறிப் போய்த் தொழுதீர்கள். அங்கே போன மூன்றாவது வாரம் அம்மா வடமதுரை பஸ் நிறுத்தத்தில் நின்றாள். ஒட்டன்சத்திரம் போனீர்கள். காய்கறி லாரிகளுக்கு நடுவே வெள்ளைத் துப்பட்டி தெரிந்ததும், வந்த வழியே திரும்பி நடந்தீர்களாம். அம்மாவே சொல்லிச் சிரித்தாள். அத்தா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

மூன்று வருஷம் இப்படிப் போனது. நீங்கள் வற்றிப்போனீர்கள். சட்டை தோளில் தொங்கியது. அம்மா ஒரு செவ்வாய்க்கிழமை மவுத்தானாள். அந்த வெள்ளி, பழைய பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்து தெரு முனையைப் பார்த்தீர்கள். அம்மா இல்லை என்றதும் உங்கள் முகத்தில் ஓர் ஆசுவாசம் வந்தது. அதை நான் பார்த்தேன். பிறகுதான் நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"சொல்லியாச்சா சின்னத்தா?"

அன்றிலிருந்து நான் கேட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு வகுப்பு வராதபடி தலைமையாசிரியரிடம் கேட்டு மாற்றிக்கொண்டேன். உங்கள் கால்கள் தளர்ந்தபோது வீட்டு வாசலுக்கே வந்து கேட்டேன். இரக்கமே இல்லையா என்று என்னையே சில நாள் கேட்டிருக்கிறேன். படகைப் பற்றி நான் யோசிக்காமல் இல்லை. உங்களுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பயந்தீர்கள். அந்தப் பயத்தை நான் என்றைக்காவது பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் எங்கள் மடியில் பழத்தை வைத்துக்கொண்டே, என் அத்தாவைத் தூங்க வைத்துவிட்டீர்களே. உங்களை எழுப்பியவர், ஏற்றிவிட்டவர், இன்னொருவனுக்காகத் திரும்பிப் போனவர் அவர். பதினாறு வருஷம் நாங்கள் தூங்கிக் கிடந்த ஓர் ஆளுக்காக அழுதோம். அந்த அரை மணி நேரம் உங்களுடையது அல்ல. அத்தாவுடையது. அதை எடுத்து ஒளித்துக்கொண்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கடைசியில் உங்களுக்கு வாதம் அடித்தது. உங்கள் மனைவி என்னைத் தேடி வந்தார். அவருக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. "நாக்கு இழுத்துக்கிருச்சும்மா. உன்னையத்தான் தேடுறாரு போல. மனசுல என்ன இருந்தாலும் மன்னிச்சுப் பொருந்திக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு தாயி. நிம்மதியாப் போகட்டும்" என்று கையைப் பிடித்தார். வந்தேன். வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஜமாஅத்துப் பெரியவர்கள்கூட இருந்தார்கள். எல்லோரும் கேட்கும்படி நீங்கள் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். உங்கள் வாய் கோணிக் கிடந்தது. கண்ணிலிருந்து நீர் காதுக்குள் ஓடியது. பெரியவர் ஒருவர், "சொல்லும்மா, பொருந்திக்கிட்டேன்னு" என்றார்.

நானே எல்லாவற்றையும் அங்கே சொல்லியிருக்கலாம். அம்மாவின் வார்த்தை தடுத்தது. பொருந்திக்கிட்டேன் என்றும் சொல்லியிருக்கலாம். அதை எதுவும் தடுக்கவில்லை. நான்தான் சொல்லவில்லை. உங்கள் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பிள்ளைகளின் பரீட்சைப் பேப்பரைத் திருத்தினேன். இரண்டாம் நாள் நீங்கள் போனீர்கள். அந்த வார்த்தையைச் சொல்லாததற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. வருந்துவேனோ என்று இன்று காலை அந்தப் போஸ்டருக்கு முன்னால் நின்று பார்த்தேன். இல்லை.

உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அந்த வேப்பமரத்தடியில் நீங்கள் சொன்ன நாலைந்து வாக்கியங்கள் மட்டும்தான். அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். என் அத்தா கப்பல் தட்டில் ஓடுகிறார், கீழே இறங்குகிறார், ஒருவனைத் தேடுகிறார். அவர் முகம் எனக்கு ஞாபகமில்லை; ஆனால் அவர் ஓடுவது தெரிகிறது. அதை உங்களிடமிருந்து பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. நீங்கள் கண்ணால் கேட்ட அந்த ஒரு வார்த்தை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நான் தருவதாக இல்லை.