வெள்ளிக்கிழமை எண்ணெய்

லியோன், பிரான்ஸ், ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

ஓவியா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? நெரவியிலிருந்து காரைக்கால் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டு போகாதே, ஆட்டோ வைத்துக்கொள்.

மூளை அலையைப் பதியும்போது கண் இமைப்பதும் பல் கடிப்பதும்கூடக் கலந்துவிடும், அதைக் கணினியில் பிரித்து நீக்குவதுதான் என் வேலை என்று சொன்னேனே? வெள்ளிக்கிழமை சோதனைக்கு நானே அந்தக் கம்பித் தொப்பியை மாட்டி உட்கார்ந்தேன். திரை முழுக்க ஒரே கிறுக்கல். மூன்று பேர் அரை நாள் கணக்குப் போட்டும் போகவில்லை. கடைசியில் பேராசிரியர் என் தலையைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தார்.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா வறட்டுத் தலையோட வெளிய போவாதடி” என்பாயே, அந்தப் பழக்கத்தில் காலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு போயிருந்தேன். எண்ணெய் இருந்தால் கம்பி தோலில் சரியாகப் படாது. சோதனைக்கு வருகிறவர்களிடமெல்லாம் எண்ணெய் வைக்காமல் வரச் சொல்வதே நான்தான்! தலையை அலசியதும் பதிவு சுத்தமாக வந்தது. எல்லாரும் சிரித்தோம்.

இனி சோதனைகள் எல்லாம் முடியும்வரை எண்ணெய் வைக்கக் கூடாதாம்.

நான் உட்கார்ந்து எழுதும் நிறுத்தத்துக்குப் பஸ் வருகிறது, முடிக்கிறேன். நீ கொடுத்த பாட்டில் தீர்ந்துவிட்டது. அதே செக்கு எண்ணெய் கொஞ்சம் அனுப்பு, அம்மா. தலைக்கு வைக்க மாட்டேன். மூடியைத் திறந்து மோந்து பார்க்கத்தான்.

உன் ஓவியா