ஒரே அமிலம், இரண்டு போர்டு

செவ்வாய், இரவு.

சர்க்யூட் போர்டில் வேண்டாத செம்பைக் கரைக்கும் அமிலம், பழசானால் பழுப்பாகிவிடும். மீன்தொட்டி மோட்டாரால் காற்றடித்தால் மறுபடி பச்சையாகி வேலை செய்யும். போன மாதம் நான் அப்படிச் செய்தபோது லேப் சார், "புதுசு வாங்க வக்கில்லையா?" என்றார். இன்று மயிலாப்பூர் பிரதீப் அதையே செய்தான். "இதுதாம்ப்பா சுற்றுச்சூழல் அக்கறை" என்று சார் கம்பெனிப் பயிற்சிக்கு இருந்த ஒரே இடத்தையும் அவனுக்குக் கொடுத்துவிட்டார். என்னை மாதிரி ஹவுசிங் போர்டு வீட்டிலிருந்து வருகிறவனுக்கு அக்கறை இருக்காது போல.

வெளியே வந்ததும் பிரதீப், "மச்சி, ஐடியா உன்னுதுதான்டா" என்றான்.

"அத உள்ள சொல்றதுக்கு இன்னாடா கேடு?"

சிரித்தான்.

திட்டித் தீர்த்துவிட்டுத் தூங்கியிருப்பேன். ஆனால் அவன் போர்டை வாங்கிப் பார்த்துத் தொலைத்தேன். ஒரு செம்புக் கோடுகூட அறுபடவில்லை. என்னுடையது அப்படி வந்ததே இல்லை.