காரணம் என்ற கட்டம்

என்னங்க,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நம் பெண்ணின் லேசர் சிகிச்சைக்குப் பணம் தர முடியாது என்று காப்பீட்டு நிறுவனம் சொல்லிவிட்டது. இன்று அவளையும் கூட்டிக்கொண்டு நேரில் போனேன்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண், நீங்கள் நிரப்பிய படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள். "அழகுக்காகச் செய்யறதுக்கு நாங்க கொடுக்கறதில்லம்மா. உங்க வீட்டுக்காரரே எழுதியிருக்காரே, பாருங்க."

சிகிச்சைக்கான காரணம் என்ற கட்டத்தில், உங்கள் குண்டு குண்டான கையெழுத்து: 'கல்யாண வயதுப் பெண். தழும்பு வெளியே தெரிகிறது.'

இரக்கப்படுவார்கள் என்று நினைத்தீர்களா? அந்தத் தழும்பு இறுகி, அவள் கழுத்து வலப்பக்கம் திரும்பாமல் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து திரும்புகிறாள். போன லீவில் வந்த பத்து நாளில் ஒருமுறை அவளை நேராகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் மேல் வெந்நீர் கொட்டிய அன்று பாத்திரத்தை மேசை விளிம்பில் வைத்தது யார் என்று நான் இதுவரை கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் அவள், "மாப்பிள்ளை வலப்பக்கமா வந்தா எனக்குத் தெரியவே தெரியாதும்மா, அப்பாகிட்ட சொல்லிடு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுபரிசீலனைப் படிவத்தை டாக்டரின் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். காரணத்தை இந்த முறை அவளே எழுதிவிட்டாள்: 'சாலையைக் கடக்க இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.'

பாலிசி உங்கள் பெயரில் இருப்பதால் கையெழுத்து வேண்டும். அதை மட்டும் போடுங்கள்.

உங்கள் மகளின் அம்மா