காற்றடைத்த இரண்டு டியூப்புகளை அகற்றி என் அளவீட்டைக் கெடுத்தமை

அனுப்புநர்:
சூ. நிவேதனா,
ஆய்வு மாணவி, காந்தப் படல ஆய்வுகூடம்.
(வீடு: குருநகர்)

பெறுநர்:
பணிப்பாளர்,
வெண்கதிர் பொருளறிவியல் நிலையம், கொக்குவில்.

விடயம்: பராமரிப்பு அலுவலர் திரு. மார்க்கண்டுவின் அத்துமீறல்

மதிப்புக்குரிய ஐயா,

1. கண்ணாடியில் மெல்லியதாகப் படியவைத்த காந்தப் படலத்தில் லேசர் ஒளியைத் தெறிக்கவிட்டு, அதன் அதிர்வுத் தளம் எவ்வளவு திரும்புகிறது என அளப்பதே என் வேலை. அந்தத் திருப்பம் மிகச் சிறியது. பக்கத்து வளவில் தண்ணீர் மோட்டர் ஓடினாலே வேண்டாத நடுக்கம், அதாவது இரைச்சல், அதை மூடிவிடும்.

2. எட்டு மாதம் அந்த இரைச்சலோடு மல்லுக்கட்டினேன். விசிறியை நிறுத்தினேன், கறுப்புத் துணியால் மூடினேன், பயனில்லை. கடைசியில் கடற்றொழிலாளியான என் தந்தை, மிதப்புக்கு வைத்திருந்த இரண்டு லொறி டியூப்புகளை ஒட்டுப்போட்டுக் காற்றடித்துத் தந்தார். அவற்றின்மேல் கருங்கற் பலகையை வைத்து, அதில் கருவிகளை அடுக்கியதும் இரைச்சல் பத்தில் ஒன்றானது. அன்று நான் அழுதேன் என்பதையும் எழுதுகிறேன்.

3. நவம்பர் 6, டெங்கு ஒழிப்புக்காக எல்லோரும் சேர்ந்து வளவைத் துப்புரவாக்கிய சிரமதானத்தன்று, நான் இல்லாத வேளையில் திரு. மார்க்கண்டு அறையைத் திறந்து டியூப்புகளை உருவியெடுத்து, பலகையை நான்கு சீமெந்துக் கற்களின்மேல் வைத்துவிட்டார். கேட்டதற்கு, "உதுகள் பழைய டயர்தானே பிள்ளை. நுளம்பு பெருகினால் ஆர் பதில் சொல்லுறது?" என்றார். காற்றடைத்து மூடிய டியூப்பினுள் நுளம்பு எந்த வழியால் போய் முட்டையிடும் என்பதை அவர் எழுத்தில் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

4. அத்துடன் அவர் விடவில்லை. இப்போது என் வரைபில் கோடு இல்லை, வெறும் கிறுக்கல்தான். அதையே தங்களிடம் காட்டி, "பயனற்ற அளவீடு" எனக் குறிப்பெழுதி, அறையைக் களஞ்சியமாக்கக் கேட்டுள்ளார். கெடுத்தவரே முறைப்பாடும் கொடுக்கும் துணிச்சலை வேறெங்கும் நான் கண்டதில்லை.

5. என் ஆய்வேட்டின் பரீட்சகர்கள் கேட்ட மீளளவீட்டை நவம்பர் 30க்கு முன் கொடுக்காவிட்டால் என் ஆய்வுப் பதிவு ரத்தாகும். ஐந்து வருட உழைப்பு அதோடு போகும்.

6. டியூப்புகளைத் தேடிப் பின்வளவுக்குப் போனேன். கத்தியால் கீறி எறிந்திருக்கிறார்கள். மழைநீர் தேங்கி உள்ளே நுளம்புக் குடம்பிப் புழுக்கள் நெளிகின்றன. என் பலகையின் கீழ் இருந்தவரை அவற்றில் ஒரு நுளம்பும் பிறக்கவில்லை.

ஆகவே, மூன்று நாட்களுக்குள் இரண்டு புதிய டியூப்புகளைத் தந்து, அந்தக் குறிப்பை மீளப்பெறச் செய்து, அறைச் சாவியை என்னிடம் ஒப்படைக்க வேண்டும். இதை இரந்து அல்ல, உரிமையோடு கேட்கிறேன்.

கொக்குவில்,
18.11.2024

நடவடிக்கையை எதிர்பார்த்திருக்கும்,
சூ. நிவேதனா

இணைப்பு: குடம்பிகளுடன் போத்தல் ஒன்று.
பிரதி: பொதுச் சுகாதாரப் பரிசோதகர்.